வெள்ளி கசியும் துணி

ஜனவரி மாதம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் தடுத்தார்கள். போனதே நல்லதாயிற்று. எட்மன்டனிலிருந்து வடகிழக்கே அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் ஃபோர்ட் சஸ்காச்சுவான். வெளியே மைனஸ் 30 டிகிரி. வடக்கு சஸ்காச்சுவான் ஆறு உறைந்து கிடந்தது. காலை ஒன்பது மணி வாக்கில்தான் சூரியன் எழுந்தது. அதன் இரு பக்கமும் இன்னும் இரண்டு சூரியன்கள்! காற்றில் மிதக்கும் பனிப்படிகங்கள் ஒளியை வளைத்துச் செய்யும் வேலை. மூச்சுவிட மறந்து பார்த்தேன்.

1875இல் போலீஸ் கோட்டையாகத் தொடங்கிய ஊர் இது. 1954இலிருந்து நிக்கல் சுத்திகரிக்கிறார்கள். அந்த உலோகத் தொழிலிலிருந்து கிளைத்த வெஸ்டெய்ம் நிறுவனத்தில்தான், 1990களில், ராபர்ட் பரெல் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய குழுவினரும் நானோபடிக வெள்ளி பூசிய காயக்கட்டை உருவாக்கினார்கள். 'ஆக்டிகோட்' என்று அதற்குப் பெயர். நான் இவ்வளவு தூரம் வந்தது இதற்காகத்தான்.

எட்மன்டனில் தீக்காயப் பிரிவில் வேலை பார்த்த செவிலியர் ஒருவர் அதில் ஒன்றைப் பிரித்து என் கையில் வைத்தார். நீலம் ஓடிய சாம்பல் நிறம். மேலும் கீழும் வெள்ளி பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வலை, நடுவே ஈரத்தை உறிஞ்சும் துணி. எடையே தெரியவில்லை. நனைத்துத்தான் போட வேண்டும். ஆனால் சலைன் என்னும் உப்புக்கரைசல் கூடாது, கிருமி நீக்கிய வெறும் நீர்தான் என்று அழுத்திச் சொன்னார். உப்பிலுள்ள குளோரைடு வெள்ளி அயனியைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும். அப்புறம் கிருமியோடு யார் சண்டை போடுவது?

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பழைய செய்தி. அயனிகள் பாக்டீரியாவின் புரதங்களைப் பற்றிச் செயலிழக்க வைக்கின்றன. சிக்கல் வேறு. வெள்ளி நைட்ரேட் கரைசல் என்றால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டை நனைக்க வேண்டும். பிறகு வந்த வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பையோ தினமும் கழுவித் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். வெந்த தோலில் ஒவ்வொரு துடைப்பும் எப்படி இருந்திருக்கும்! வெளியே கேட்கும் அலறலுக்குப் பழகவே முடியவில்லை என்றார் செவிலியர்.

பரெல் குழுவின் வழி எனக்குப் பேரதிசயம். வெற்றிடக் கலத்தில் வெள்ளித் தகட்டை வாயு அயனிகள் மோதுகின்றன. தெறிக்கும் அணுக்கள் வலைமேல் போய்ப் படிகின்றன. அவற்றைச் சீராக அமையவிடாமல் வேண்டுமென்றே குறை வைக்கிறார்கள். ஒழுங்காக அடுக்கிய வெள்ளி எளிதில் கரையாது. இந்தக் குறைபட்ட நுண்படிகங்களோ காயத்தின் ஈரம் பட்டதும், மண்பானையில் நீர் கசிவதுபோல, நாள்கணக்கில் அயனிகளை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கட்டு மூன்று நாள் தாங்கும். இன்னொரு வகை ஏழு நாள். அத்தனை நாளும் காயத்தைத் தொட வேண்டாம்! சீர்மையைத் தேடித்தேடிச் செய்யும் உலோகத் தொழிலில், சீர்குலைவையே மருந்தாக்கத் தோன்றியதே, அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

எல்லாக் காயத்துக்கும் இதைப் போட்டுவிடக் கூடாது. முளைத்துவரும் புதுத் தோல் செல்களையும் வெள்ளி தாமதப்படுத்தக் கூடும். அதனால் தொற்று பயம் தீர்ந்ததும் சாதாரணக் கட்டுக்கு மாறிவிடுவார்களாம்.