விளிம்புப் பட்டி

ஒட்டுப்பலகையை மேலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மரமாகவே தோன்றும். அதன் உண்மை தெரிவது விளிம்பில்தான். அறுத்த முகத்தில் கருமையும் வெண்மையுமாக மாறிமாறி ஓடும் வரிகள். உள்ளடுக்கு எட்டாமல் விட்டுப்போன சிறு பொந்துகள். தடவிய விரலில் ஏறும் சிராய்கள். ஆகவேதான் தச்சர்கள் அதன் நான்கு புறமும் திண்ணிய மரத்தாலான பட்டியொன்றை ஒட்டி இழைத்துவிடுகிறார்கள். 'லிப்பிங்' என்பது தொழிலில் வழங்கும் பெயர். உதடு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது அது. நம் வழக்கில் கரை என்று சொல்லலாம். வேட்டியின் கரை அழகுக்காக மட்டுமா இருக்கிறது? நூல் பிரிந்துபோகாமல் காப்பதும் அதுவன்றோ!

"அப்பாவின் மேசையை அறுத்துக் கடைப் பலகைக்குக் கரை கட்டப் போகிறாயா, தம்பி?" என்று என் அக்கா கேட்டபோது, அந்தக் 'கரை' என்னும் சொல்லில் ஏளனம் இருந்தது, வருத்தமும் இருந்தது. அத்தான் மறைந்த பின், 2019ஆம் ஆண்டில், பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கே அக்கா வந்துவிட்டார். மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவார். அதற்கு ஒரு மேசை வேண்டும். அப்பாவின் மேசையோ பின்கட்டில் சாய்ந்து கிடந்தது.

அது 1958இல் செய்த தேக்கு மேசை. நான்கடி நீளம், இரண்டரை அடி அகலம். பள்ளி ஆசிரியரான அப்பா, பிற்பகலில் ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தது அதன்மேல்தான். ஓய்வூதியம் வராத விதவைகள், பட்டா கேட்டு அலைந்தவர்கள், மகனுக்குக் கடிதம் எழுதத் தெரியாத தாய்மார் என எத்தனையோ பேர் அதன் எதிர்ப்புறம் நின்றிருக்கிறார்கள். அக்கா அகரம் பழகியதும் அங்கேதான். ஆயினும் அந்த மேசை என் இளமையிலேயே நடுவில் பிளந்துவிட்டது. முதலில் மயிரிழைபோல் ஒரு கோடு. பிறகு காலணா நுழையும் இடைவெளி. எழுதும் தாளைப் பேனா முள் குத்திக் கிழிக்கும் என்பதால் அப்பா அட்டையொன்றை அடியில் வைத்துக்கொள்வார்.

மரம் ஏன் பிளந்தது? காரணம் விந்தையானது அன்று. மரம் அறுக்கப்பட்ட பின்னும் காற்றின் ஈரத்தை உண்பதும் உமிழ்வதுமாகவே வாழ்கிறது. ஐப்பசி அடைமழையில் திறக்க மறுக்கும் இழுப்பறை, சித்திரை வெயிலில் தானாக வழுக்கி வருவதை யார்தான் கண்டதில்லை? ஆனால் இந்தப் பருத்தலும் சுருங்கலும் குறுக்குவாட்டில்தான். பச்சை மரம் முற்றக் காய்வதற்குள் தேக்கு அகலத்தில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குவரை சுருங்கக்கூடும். நீளவாக்கில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் சுருங்குவது அரிது. இரண்டரை அடி அகலமுள்ள தேக்குப் பரப்பு மழைக்கும் கோடைக்கும் இடையில் 4 மில்லிமீட்டர் அளவுக்கு அசைவது இயல்பு. அப்பாவின் மேசையைச் செய்தவர், பலகைகளின் இரு தலைப்பிலும் குறுக்குச் சட்டம் வைத்து, ஆணியறைந்து இறுக்கியிருந்தார். அந்தச் சட்டத்தின் நீளம் மாறாது. அது பிடித்திருந்த பலகைகளின் அகலமோ மாறியே தீரும். ஒவ்வோர் ஆண்டும் இரண்டும் இழுத்தன. ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, நடுப்பலகை கொடுத்தது.

ஒட்டுப்பலகையில் இந்தத் தொல்லை இல்லை. மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ரேகை குறுக்கும் நெடுக்குமாக அமையுமாறு ஒட்டுகிறார்கள். ஓர் அடுக்கு அசைய முயன்றால் அடுத்தது தடுக்கிறது. அடுக்குகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படை. அப்போதுதான் இருபுறமும் இழுவிசை சமமாகும். இன்று நம் பக்கம் விற்பனையாகும் பலகைகளுள் பல கேரளத்துப் பெரும்பாவூரிலிருந்து வருகின்றன. பால் வற்றிய ரப்பர் மரத்துக்கு அங்கே இரண்டாம் வாழ்வு. காடுகளில் மரம் வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடும் தடைகளை விதித்தபின், இத்தொழில் தோட்ட மரங்களை நாடிற்று. காட்டுத் தேக்கில் அகன்ற மேசை செய்வதே பெருமை என்று இன்றும் பேசுவோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

அக்காவின் கேள்வியை நான் எளிதாகத் தள்ளவில்லை. முதலாம் நூற்றாண்டிலேயே உரோமை அறிஞர் பிளினி, மலிந்த மரத்தின்மேல் உயர்ந்த மரத்தின் தகட்டை ஒட்டி மூடும் வழக்கத்தை ஆடம்பரத்தின் கணக்கில் சேர்த்துக் கடிந்திருக்கிறார். பொய்த் தோற்றத்தின் மீதுள்ள வெறுப்பு பழமையானது, நியாயமானதும்கூட. ஆயினும் பட்டி செய்யும் வேலை வேறு. விளிம்பின் வழியேதான் ஒட்டுப்பலகைக்குள் ஈரம் நுழையும். நாற்காலியின் கை இடித்து அடுக்கு பெயர்வதும் அங்கேதான். அடி தாங்கும் இடத்தில் திண்ணிய மரத்தை நிறுத்துவதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதையெல்லாம் நான் எடுத்துரைத்தும் அக்கா இசையவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவுமில்லை.

மூன்றாம் நாள் எங்கள் முதிய ஆசாரி வந்தார். மேசையைப் புரட்டி, உளியின் முனையால் அங்கங்கே குத்திப் பார்த்தார். வெளிறு முழுவதும் உளுத்திருந்தது. கால்களில் இரண்டு அடியில் இற்றுப்போயிருந்தன. "இதுல முழுப் பலகை கிடைக்காதும்மா. பட்டி கிடைக்கும்," என்றார். பிறகு வைரம் பாய்ந்த ஒரு துண்டை எடுத்து இரண்டு முறை இழைத்து அக்காவிடம் நீட்டினார். அறுபது ஆண்டு அழுக்குக்கு அடியில் தேன் நிறம். புதிதாக அறுத்த தேக்கின் மணம். அக்கா அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "சரி அண்ணாச்சி, செய்யுங்க," என்ற சொல் வந்தது.

புதிய பலகை 19 மில்லிமீட்டர் கனம். பட்டியை 21 மில்லிமீட்டர் உயரத்தில் அறுத்தார். மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டர் துருத்தி நிற்பது வேண்டுமென்றே. பட்டியைச் சரியளவில் அறுத்து ஒட்டினால் எங்காவது பள்ளமாகிவிடும். பள்ளத்தை நிரப்ப வழியில்லை, மேட்டை இழைக்கலாம். பட்டியின் அகலம் 15 மில்லிமீட்டர்தான். அகன்ற மேசையில் 4 மில்லிமீட்டர் அசைந்து பலகையைப் பிளந்த அதே மரம், இந்தக் குறுகிய அளவில் பருத்தால் ஒரு தாளின் கனத்துக்கு மேல் பருக்காது. ஒட்டு அதைத் தாங்கிக்கொள்ளும்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஆகவே ஒட்டும் முகத்தை அன்றைக்கே புதிதாக இழைத்தார். ஒட்டுப்பலகையின் விளிம்பிலோ நேர்மாறான குறை. பாதி அடுக்குகளின் நார்வாய் திறந்திருப்பதால் பசையை உறிஞ்சிவிடும். எனவே ஃபெவிக்காலை முதலில் மெல்லியதாகத் தேய்த்து, அது உள்ளிறங்கியபின் மறுபடியும் பூசினார். மூலைகளில் 45 பாகைச் சாய்வு. நீளப் பட்டி ஒன்றை முதலில் பொருத்தி, அதைப் பிடித்துக் குறுக்குப் பட்டிகள் இரண்டையும் அளந்து, கடைசி நீளப் பட்டியை மயிரிழை மயிரிழையாகச் சீவி இறக்கினார். கையில் இருந்த இரும்புக் கவ்விகள் இரண்டே. மற்ற இடங்களில், அடிப்பலகையில் கட்டைகளை அறைந்து, அவற்றுக்கும் பட்டிக்கும் நடுவே எதிரெதிராக ஆப்புகளைச் செலுத்தி இறுக்கினார். ஆணி அடிக்கலாமே என்றேன். "பசை காயிற வரைக்கும் பிடிக்கத்தான் ஆணி. அதை ஆப்பு பிடிச்சுக்கிடும் சார்," என்று முடித்துவிட்டார்.

மறுநாள் இழைத்ததுதான் நுட்பமான வேலை. ஒட்டுப்பலகையின் மேல்தகடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுடையது. இழைப்புளி ஒருமுறை தவறினால் அடியடுக்கு பல்லிளிக்கும். அவர் பட்டியை ஒட்டிய ஓரம் முழுவதும் பென்சிலால் கிறுக்கினார். பட்டி தணியத் தணிய, அந்தக் கிறுக்கல் மங்கத் தொடங்கிய கணத்தில் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்தார். முழங்கை படியும் பக்கத்தின் கூர்முனையை மட்டும் சற்று உருட்டினார்.

பட்டிகளுள் ஒன்றில் ஒரு கறை இருந்தது. அப்பாவின் மைக்கூடு என்றோ கவிழ்ந்த இடம். பழைய மேற்பரப்பே பட்டியின் வெளிமுகமாக அமைந்ததால் அது தப்பியிருந்தது. ஒட்டுவதற்குமுன் ஆசாரி அதைத் திருப்பிக் காட்டி, இழைத்து எடுத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றார் அக்கா. அப்படியானால் எந்தப் பக்கம் வைப்பது என்றார் அவர். நான் சுவரோரம் என்று சொல்ல வாயெடுத்தேன். "பிள்ளைகள் உட்காருகிற பக்கம்," என்று அக்கா சொன்னார். அப்படியே வைத்தோம்.

மூன்றடி நீளத்தில் இரண்டு பட்டிகள் மிஞ்சின. என்றாவது ஒரு மூலை அடிபட்டால் மாற்ற உதவும், எரித்துவிடாதீர்கள் என்று ஆசாரி சொல்லிப் போனார். பழைய துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறோம்.