தோண்டிய மண்

கேன்டர்பரி
மே 5

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

மெட்ரோவுக்குத் தோண்டும் இடத்தைத் தாண்டும்போதெல்லாம், "இவ்வளவு மண்ணையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவான்?" என்று கேட்பீர்களே, அப்படிக் கொட்டிய ஓர் இடத்தில் நேற்று நடந்துவிட்டு வந்தேன். டோவருக்குப் பக்கத்தில், ஷேக்ஸ்பியர் கிளிஃப் என்ற வெள்ளைப் பாறைச் சரிவுக்குக் கீழே, சாம்ஃபயர் ஹோ. பிரான்சுக்குப் போகும் கடலடிச் சுரங்கத்துக்காக இங்கிலாந்துப் பக்கம் தோண்டியதில் 49 லட்சம் கன மீட்டரை இங்கே போட்டிருக்கிறார்கள். பெரும்பகுதி கடலாக இருந்த இடம் இப்போது சுமார் 75 ஏக்கர் நிலம். 1997இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

வேலை செய்த விதம் உங்களுக்குப் பிடிக்கும். மண்ணை அப்படியே கடலில் தள்ளவில்லை. முதலில் சுவர் எழுப்பி, உள்ளே பாத்தி பாத்தியாகத் தடுத்து, அப்புறம்தான் நிரப்பினார்கள். சேறு கடலில் கலக்கக் கூடாதே! பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பை கொட்டியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கொட்டுவதற்கு முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள் என்பதே எனக்குத் தொண்டையை அடைத்தது.

சுரங்கத்திலிருந்து வந்த சுண்ணாம்புக் களிமண்ணில் சத்து குறைவு. அதுவே நல்லதாகிவிட்டது. வளமான மண்ணென்றால் முரட்டுப் புல் மண்டி மற்றதை அமுக்கிவிடும். இங்கே காட்டுப்பூ விதைகளைத் தூவி, செம்மறியாடுகளை மேயவிட்டிருக்கிறார்கள். யாரும் விதைக்காமல் தானாக வந்தது ஸ்பைடர் ஆர்க்கிட். இங்கிலாந்திலேயே அபூர்வமான செடி. பாதையோரம் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சாண் உயரம்கூட இல்லை. பச்சை இதழ்களுக்கு நடுவே, கொழுத்த சிலந்தியின் முதுகுபோலப் பழுப்பு வெல்வெட். அதன்மேல் நீலச் சாம்பலில் இரண்டு கோடு, குறுக்கே ஒன்று. பெண் தேனீயின் வாசனையை விட்டு ஆண் தேனீயை வரவழைத்து, அதன்மேல் மகரந்தத்தை ஒட்டி அனுப்பிவிடுமாம். எவ்வளவு நேரம் அங்கேயே இருந்தேன் என்று தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஏப்ரல் கடைசியில் நீங்களும் அம்மாவும் வந்துவிடுங்கள், அப்போது இந்தப் பூ இருக்கும். பாறையைக் குடைந்த வழியாகக் கார் கீழே வரை போகிறது. கடல்சுவர் மேலே பாதை சமமாக இருக்கிறது, உங்கள் காலுக்குச் சிரமமில்லை. கடல் கொந்தளிக்கும் நாளில் மட்டும் சுவரை மூடிவிடுவார்கள். அந்தச் சுவரை நீங்கள் தட்டிப் பார்த்து எனக்கு விளக்க வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்று பார்த்து எழுதுங்கள். விசா வேலையை ஆரம்பிக்கிறேன்.

அன்பு மகள்,
கயல்