சித்தப்பாவின் கேபினட்

மதர்போர்டு பெரிதாக இருந்தால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனை பெரிதாக இருப்பதால் வீட்டுக்காரர் வேகமாக நடந்துவிடப் போவதில்லை. வேகம் பிராசஸரிலும் ரேமிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் இருக்கிறது. இன்னும் எத்தனை பொருளைச் செருகலாம், எந்தப் பெட்டிக்குள் உட்காரும், இந்த இரண்டைத்தான் போர்டின் அளவு சொல்லும்.

திண்டிவனத்தில் சித்தப்பா கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடை வைத்திருந்தார். அவர் போன பிறகு தங்கச்சி அதே அறையில் கல்யாண ஆல்பமும் வீடியோ எடிட்டிங்கும் செய்கிறாள். வீடு அதில்தான் ஓடுகிறது. முகூர்த்த மாசம் தொடங்கும் நேரத்தில் பழைய சிஸ்டத்தின் போர்டு போய்விட்டது. கையில் இருந்தது ஐம்பதாயிரம்.

"அண்ணா, கேபினட்டையும் சேர்த்து மாத்தணும்னு கடையில சொல்றாங்க. அது அப்பாவோடதுண்ணா."

2009இல் வாங்கியது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சித்தப்பா வைத்த சந்தனமும் குங்குமமும் அந்தக் கறுப்புத் தகரத்தில் கறையாகவே படிந்துவிட்டன.

மாற்றத் தேவையில்லை என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஐபிஎம்மின் 1984 ஏடி கம்ப்யூட்டர் வழிவந்த போர்டுகளில் மின்சாரம் இரண்டு கனெக்டர்களில் வரும். இடம் மாற்றிச் செருகினால் போர்டு காலி. கறுப்பு வயர்கள் நடுவில் ஒட்டி நிற்க வேண்டும் என்று அந்தக் கால மெக்கானிக்குகள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸைக் கொண்டுவந்தது: 305க்கு 244 மி.மீ., ஒரே பக்கமாக மட்டும் நுழையும் ஒரு கனெக்டர், திருகுத் துளைகளுக்கும் பின்பக்க போர்ட்டுகளுக்கும் குறித்துவைத்த இடம். 1997இல் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. 2001இல் தைவானின் வியா கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. அந்தக் குட்டி போர்டின் நான்கு துளைகளும்கூட ஏடிஎக்ஸின் துளைகள் மேலேயே விழும். நடுவில் இன்டெல்லே பிடிஎக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்து இதையெல்லாம் மாற்றப் பார்த்தது. எடுபடவில்லை. சித்தப்பாவின் தகரப் பெட்டி இன்றைய போர்டை ஏற்றுக்கொள்வது இதனால்தான்.

தங்கச்சிக்கு ஆசை என்னவோ மினி ஐடிஎக்ஸ் மேல். இன்ஸ்டாகிராமில் பார்த்திருக்கிறாள், வெள்ளையாக, டிபன்பாக்ஸ் மாதிரி. ஹாஸ்டலுக்கும் ஊருக்கும் ரயிலில் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு அது சரி. இவளுக்கு? கார்டு செருக ஒரே ஸ்லாட், ரேமுக்கு இரண்டு. ஒரே சிப்செட்டில் மைக்ரோவைவிட விலையும் பெரும்பாலும் கூடுதல். சிறியதற்கு ஏன் அதிகம் தர வேண்டும் என்று சித்தி கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முழு ஏடிஎக்ஸில் ஏழு ஸ்லாட் வரை வைக்கலாம். ஆல்பம் செய்கிற பெண் அதில் ஆறைத் தூசிக்கு விடுவாள்.

ரிச்சி தெருவில் மைக்ரோ ஏடிஎக்ஸ் வாங்கினோம். அந்தப் பெயரைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள். விலை குறைந்தவற்றில் அகலத்தை வெட்டி ரேம் ஸ்லாட்டை இரண்டாகக் குறைத்திருப்பார்கள். நாலு இருக்கிறதா என்று படத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். இப்போது இரண்டில் எட்டு எட்டு ஜிபி போட்டிருக்கிறாள். அடுத்த சீசன் காசு வந்ததும் மற்ற இரண்டு. மிச்சமான பணம் புது எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குப் போனது. பதினைந்து வருஷப் பழசை அப்பாவுடையது என்று வைத்துக்கொள்ள நான் விடவில்லை, அது புது போர்டையும் கொன்றுவிடும்.

கிராஃபிக்ஸ் கார்டு வாங்குமுன் டேப் வைத்து அளந்தோம். பின்சுவரிலிருந்து ஹார்ட் டிஸ்க் ராக் வரை 26 செ.மீ. மூன்று ஃபேன் கார்டுகளில் பல இதில் நுழையாது. இரண்டு ஃபேன் உள்ள குட்டை கார்டுதான். முன்பக்க யூஎஸ்பி பழைய வேகத்திலேயே இருக்கும், கேமரா கார்டைப் பின்னால் செருகிக்கொள்கிறாள்.

கடைசி வேலை, பித்தளை ஸ்டாண்டாஃப். பழைய போர்டின் கீழ்வரிசையில் இருந்த மூன்றையும் கழற்றி, மைக்ரோவின் துளைகளுக்கு நேராக மேலே மாற்ற வேண்டும். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் அடியில் பட்டு ஷார்ட் ஆகிவிடும். இரண்டு எளிதாக வந்தன. மூன்றாவதைச் சித்தப்பா இறுக்கி முடுக்கியிருந்தார். தங்கச்சி கட்டிங் பிளேயரை வாங்கிக்கொண்டு, "எல்லாத்தையும் இப்படித்தான் டைட் பண்ணுவாரு" என்றபடி மெதுவாகத் திருப்பினாள். வந்தது. அதையே புது இடத்தில் திருகிவிட்டு போர்டை இறக்கினோம்.