லண்டன் சிட்டியிலிருந்து நியூயார்க்: 32 இருக்கைகளோடு ஓர் அட்லாண்டிக் பயணம்

2009 செப்டம்பர் 29 அன்று லண்டன் சிட்டி விமான நிலையத்திலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸின் சிறு விமானம் ஒன்று நியூயார்க்குக்குக் கிளம்பியது. ஏர்பஸ் ஏ318 ரகம். மற்ற நிறுவனங்கள் அதில் நூறு பேருக்கு மேல் ஏற்றுவது வழக்கம். இங்கே இருக்கைகள் 32 மட்டுமே, அத்தனையும் பிசினஸ் கிளாஸ். எகானமி வகுப்பு கிடையாது, அதைப் பிரிக்கும் திரைச்சீலையும் கிடையாது. அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணிகள் சேவை அந்த நிலையத்திலிருந்து அன்றுதான் தொடங்கியது. விமானத்துக்குச் சூட்டிய எண் பி.ஏ. 001. 2003இல் ஓய்வு பெறும் வரை கான்கார்டு விமானத்துக்கு உரியதாக இருந்த எண் அது. ஒலியை முந்திப் பறந்த விமானத்தின் எண்ணை மெதுவாகப் பறக்கும் ஒரு குட்டி விமானத்துக்குக் கொடுத்தது வெறும் விளம்பரம் என்று தோன்றலாம். ஆனால் இரண்டும் விற்ற சரக்கு ஒன்றுதான்: நேரம். கான்கார்டு அதை வானத்தில் மிச்சப்படுத்தியது. இந்தச் சேவை தரையில் மிச்சப்படுத்த முயன்றது.

லண்டனின் மற்ற பெரிய நிலையங்களான ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எல்லாம் நகரின் ஓரத்திலோ அதற்கும் அப்பாலோ உள்ளன. லண்டன் சிட்டி நிலையம் கிழக்கு லண்டனுக்கு உள்ளேயே, பழைய கப்பல் துறைகளின் நடுவே இருக்கிறது. கொள்கலன் கப்பல்கள் வந்தபின் ராயல் டாக்ஸ் எனப்படும் அத்துறைகளுக்கு வேலை குறைந்து, 1981இல் அவை மூடப்பட்டன. ராயல் ஆல்பர்ட் துறைக்கும் ஐந்தாம் ஜார்ஜ் துறைக்கும் இடையே மிஞ்சிய ஒடுக்கமான நிலத்தில் ஓடுபாதை போட்டு 1987இல் நிலையத்தைத் திறந்தார்கள். ஓடுபாதையின் இரு பக்கமும் தண்ணீர். சற்று வடக்கே தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த ஈஸ்ட்ஹாம். இரண்டும் நியூஹாம் என்னும் ஒரே நகராட்சிப் பகுதியைச் சேர்ந்தவை. மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் கனேரி வார்ஃப். வங்கிகளின் கோபுரங்கள் எழுந்த அந்தப் பகுதிதான் இந்த நிலையத்துக்கு வாடிக்கையாளர்களைத் தந்தது. 2005 முதல் டாக்லாண்ட்ஸ் இலகு ரயிலும் நிலைய வாசலுக்கே வருகிறது.

இந்தச் சேவையின் ஒவ்வொரு அம்சத்துக்கும் காரணம் தேடிப் போனால் அந்த ஓடுபாதையில்தான் போய் நிற்க வேண்டும். அதன் மொத்த நீளம் 1,508 மீட்டர். புறப்படும் ஓட்டத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடியது சுமார் 1,200 மீட்டர்தான். ஹீத்ரோவின் நீண்ட ஓடுபாதை 3,900 மீட்டர். இறங்குவதிலும் சிக்கல் உண்டு. பொதுவாக விமானங்கள் 3 பாகைச் சரிவில் இறங்கும். இங்கே கட்டடங்களைத் தாண்டவும் இரைச்சலைக் குறைக்கவும் 5.5 பாகையில் இறங்க வேண்டும். தரை தொடும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் சாதாரண விமானம் ஏறக்குறைய 52 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்றால், இங்கே 96 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தை அதே தூரத்துக்குள் குறைக்க வேண்டும், வேகமும் கூடிவிடக் கூடாது. இதற்குத் தனிப் பயிற்சி பெற்ற விமானிகள்தான் இங்கே இறக்க முடியும். சரிவான இறக்கத்துக்குத் தனிச் சான்றிதழ் பெற்ற விமான ரகங்களுக்குத்தான் இங்கே இடம்.

ஏ320 குடும்பத்தின் கடைக்குட்டியான ஏ318 அந்தச் சான்றிதழை 2006இல் பெற்றது. அதற்காக மென்பொருளில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். விமானி அறையில் அதற்கென உள்ள பொத்தானை அழுத்தி, இறங்கும் நிலைக்கு விமானத்தைத் தயார் செய்ததும், இறக்கையின் மேற்பரப்பிலுள்ள ஸ்பாய்லர் தகடுகளில் சில தாமாக நிமிர்ந்து காற்றை எதிர்க்கும். சாதாரணமாகத் தரை தொட்ட பிறகு முழுமையாக விரியும் அத்தகடுகளை வானிலேயே ஓரளவு விரித்து, சரிவில் வேகம் ஏறாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. அந்த நிலையத்தைப் பயன்படுத்திய பெரிய விமானங்களில் இதுவும் ஒன்று. 31 மீட்டர் நீளமுள்ள விமானம் பெரிது என்று பேர் வாங்கும் இடம் அது.

இனி எடைக் கணக்கு. லண்டனிலிருந்து நியூயார்க் ஏறக்குறைய 5,600 கிலோமீட்டர். அட்லாண்டிக்கின் மேல் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால், அமெரிக்கா நோக்கிப் போகும் விமானம் எதிர்க்காற்றில் போக வேண்டும். எரிபொருள் கூடுதலாகப் பிடிக்கும். அவ்வளவையும் நிரப்பிக்கொண்டு 1,200 மீட்டருக்குள் மேலெழ ஏ318ஆல் முடியாது. ஆட்களைக் குறைத்துப் பார்க்கலாம். சாமானோடு ஓர் ஆளுக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்த ரகத்தில் வழக்கமாக ஏறக்கூடிய 107 பேர் 10 டன்னுக்கு மேல் வருவார்கள். 32 பேர் மூன்று டன்னைச் சற்றே தாண்டுவார்கள். அப்படிக் குறைத்தும் நேரே நியூயார்க் போக முடியவில்லை. எனவே போகும்போது அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஷானனில் இறங்கி எண்ணெய் நிரப்புவது என்று முடிவாயிற்று. ஷானன் ஓடுபாதை 3,200 மீட்டர் நீளம். அங்கிருந்து நிறைந்த தொட்டியோடு எழலாம். திரும்பும்போது இந்தத் தொல்லை இல்லை. நியூயார்க் கென்னடி நிலையத்தின் நீண்ட ஓடுபாதையில் எழுந்து, பின்காற்றின் உதவியோடு நிற்காமல் லண்டன் வந்துவிடலாம். வந்து சேரும்போது எரிபொருள் தீர்ந்து விமானமும் எடை குறைந்திருக்கும்.

கண்டம் விட்டுக் கண்டம் போகும் விமானங்களுக்கு ஷானன் புது இடம் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அட்லாண்டிக்கைக் கடந்த பயணிகள் விமானங்கள் இங்கே இறங்கி எண்ணெய் நிரப்பித்தான் கடல் மேல் கிளம்பின. உலகின் முதல் வரியில்லா விமான நிலையக் கடை 1947இல் திறக்கப்பட்டதும் இங்கேதான். ஜெட் விமானங்களின் எட்டும் தூரம் கூடக் கூட, இங்கே நிற்கும் தேவை குறைந்துபோனது.

எண்ணெய்க்காக நின்றே தீர வேண்டிய அந்த நேரத்தை வீணாக்காமல் பயன்படுத்தியதுதான் இந்தச் சேவையின் கெட்டிக்காரத்தனம். அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் 1986 முதலே ஷானனில் பணியாற்றி வந்தார்கள். 2009 ஆகஸ்டில் சுங்கச் சோதனையும் அங்கேயே சேர்ந்துகொண்டது. ஐரோப்பாவில் அமெரிக்க முன்னனுமதியை முழுமையாக முடித்துத் தந்த முதல் நிலையம் ஷானன்தான். அடுத்த மாதமே லண்டன் சிட்டி சேவை தொடங்கியது. விமானத்தில் எண்ணெய் ஏறும்போது பயணிகள் கைப்பையோடு இறங்கி, பாதுகாப்புச் சோதனை, கைரேகை, கடவுச்சீட்டு, சுங்கம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு அதே இருக்கைக்குத் திரும்புவார்கள். வரிசையில் நிற்பவர்கள் 32 பேருக்கு மேல் இல்லை என்பதால் வேலை சீக்கிரம் முடியும். நியூயார்க்கில் இறங்கியதும் உள்நாட்டுப் பயணிகளைப் போல நேரே வாசலுக்கு நடந்து டாக்சி பிடிக்கலாம். கென்னடி நிலையத்தில் பல விமானங்கள் சேர்ந்து இறங்கும் பிற்பகல் வேளையில் குடிவரவு வரிசையில் நின்று கால் கடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஹீத்ரோவிலிருந்து நேரே போகும் விமானத்துக்குச் சுமார் எட்டு மணி நேரம். இங்கே ஷானன் தங்கலையும் சேர்த்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கூடுதலாகும். கனேரி வார்ஃப் அலுவலகத்திலிருந்து ஹீத்ரோவுக்கு லண்டன் போக்குவரத்தில் ஊர்ந்து போகும் நேரம், அங்கே முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரம், நியூயார்க்கில் வரிசையில் நிற்கும் நேரம் ஆகியவற்றைக் கழித்தால் கணக்கு ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும். திரும்பி வரும் பயணத்தில்தான் லாபம் தெளிவாகத் தெரியும். இரவில் நியூயார்க்கில் ஏறி, படுக்கையாக விரியும் இருக்கையில் தூங்கி, காலையில் லண்டன் சிட்டியில் இறங்கிச் சற்று நேரத்தில் அலுவலக மேசையில் உட்காரலாம். எட்டு வரிசைகளில் நடைவழிக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள். பறக்கும்போதே கைப்பேசியில் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பும் வசதி இருந்தது. அன்றைக்கு அது புதுமை.

முழுக்க பிசினஸ் வகுப்பு என்ற எண்ணம் இதற்கு முன்பே சோதித்துப் பார்க்கப்பட்டது. ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து ஈயாஸ், மேக்ஸ்ஜெட், லூட்டனிலிருந்து சில்வர்ஜெட் ஆகிய மூன்று நிறுவனங்கள் நியூயார்க் பகுதிக்குப் பறந்தன. 2007 டிசம்பருக்கும் 2008 மே மாதத்துக்கும் இடையில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. எண்ணெய் விலை ஏற்றம் ஒரு காரணம். பின்னால் தாங்கிப்பிடிக்கப் பெரிய வலைப்பின்னல் இல்லாததும் ஒரு காரணம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் திட்டத்தை 2008 தொடக்கத்தில் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி சரிந்து, யாரை நம்பி இந்தச் சேவை திட்டமிடப்பட்டதோ அந்த வங்கி உலகமே ஆட்டம் கண்டது. அப்படியும் சேவை தொடங்கி, பத்தாண்டுக்கு மேல் ஓடியது. ஒரு விமானம் பழுதானாலும் பயணிகளை ஹீத்ரோ வழியாக அனுப்ப முடிந்தது. பெரிய வங்கிகளோடு பழைய வணிக உறவும் இருந்தது. தனி நிறுவனங்களுக்கு இந்த இரண்டும் இல்லை.

இந்தப் பயணத்துக்கு ஒரு கார்பன் கணக்கும் உண்டு. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நூற்றுக்கு மேற்பட்டோருக்காகக் கட்டப்பட்ட விமானத்தில் 32 பேர் பறந்தால், தலைக்கு எரியும் எண்ணெய் நெரிசலான எகானமி பயணியின் பங்கைப் போலப் பல மடங்கு. இறங்கும் பாதையின் கீழே குடியிருப்போர் இரைச்சலுக்காகப் போராடியதால் இரவில் நிலையம் மூடியிருக்கும். சனிக்கிழமை நண்பகலுக்குப் பின் ஞாயிறு நண்பகல் வரையிலும் விமானம் கிடையாது. ஒருவருடைய நேரத்தை மிச்சப்படுத்த இன்னொருவருடைய தூக்கத்தைக் கெடுக்க முடியாது என்ற அந்த ஏற்பாடு நியாயமானது.

தொடக்கத்தில் வார நாட்களில் நாளுக்கு இரண்டு என்றிருந்த சேவை பின்னர் ஒன்றாகக் குறைந்தது. இரண்டு ஏ318களில் ஒன்று வேறு நிறுவனத்துக்குப் போனது. 2017 மார்ச்சில் பம்பார்டியரின் சிஎஸ்100 சோதனை விமானம் லண்டன் சிட்டியிலிருந்து நிற்காமலே நியூயார்க் போய்க் காட்டியது. இன்று ஏ220 என்று பெயர் மாறியிருக்கும் அந்த ரகத்தை வைத்து யாரும் இந்த வழியில் சேவை நடத்தவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் நிறுத்தப்பட்ட பி.ஏ. 001 திரும்பத் தொடங்கவே இல்லை. அந்த ஆண்டிலேயே சேவை முடிந்தது என்று நிறுவனம் அறிவித்தது.

இன்று கனேரி வார்ஃபிலிருந்து நியூயார்க் செல்பவர் ஹீத்ரோவுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அந்த வழி இப்போது எளிது. 2022இல் திறந்த எலிசபெத் லைன் ரயிலில் வண்டி மாறாமல் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அமெரிக்க வரிசையை முன்கூட்டியே முடிக்க விரும்பும் வாசகர்கள் டப்ளின் அல்லது ஷானன் வழியாகப் பயணச்சீட்டு எடுக்கலாம். அந்த வசதி அங்கே இன்றும் இருக்கிறது, எகானமி பயணிகளுக்கும் சேர்த்து.