வீட்டிற்கேற்ற நிழல்மரம்

வீடு கட்ட முற்படுவோர் முதலில் எண்ணுவது வாயிலையும் அடுக்களையையும் கிணற்றையுமே ஆகும். மரத்தைப் பற்றிய எண்ணம் பெரும்பாலும் இறுதியில்தான் தோன்றுகின்றது. சுவர் எழுப்பி, சுண்ணம் பூசி, குடிபுகுந்த பின்னர், முதற்கோடை வந்து வாட்டும்போதே, ‘ஒரு மரம் இருந்தால் நன்றாயிருக்குமே’ என்று வீட்டார் வருந்துவர். வருத்தத்தோடு விரைவும் பிறக்கின்றது. எந்த மரம் விரைந்து வளரும் என்று வினவுகின்றனரேயன்றி, எந்த மரம் நாற்பது ஐம்பது ஆண்டுகள் தொல்லையின்றி உடன் வாழும் என்று வினவுவார் மிகச் சிலரே. மரத்தால் பின்னாளில் விளையும் இடர்கள் பலவற்றிற்கும் வினாவில் நேர்ந்த இப்பிழையே வித்தாகின்றது.

விரைந்து வளர்வனவற்றுள் செம்மயிற்கொன்றை ஒன்று. குல்மோகர் என்று மக்கள் வழங்கும் இம்மரத்தின் தாயகம் மடகாஸ்கர்த் தீவு. கோடையில் அது தீப்பற்றியதுபோலப் பூத்து நிற்கும் காட்சி கண்ணைக் கவர்வதே. ஆயினும், வெயில் கடுமைகொள்ளத் தொடங்கும் மாசி பங்குனியில் அஃது இலையுதிர்த்து வெறுங்கிளையாய் நிற்கும். நிழல் வேண்டும் காலத்தில் நிழல் இல்லை. அதன் வேர்கள் ஆழச் செல்லாமல் மேலாகப் பரவுவன. கிளைகளோ எளிதில் முறிவன. தூங்குமூஞ்சி மரமும் அயல்நாட்டினின்று வந்ததே. அகன்ற பெருவழிகளுக்கு அது பொருந்தும். சிறு மனைக்குப் பொருந்தாது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாய்ந்தவற்றுள் இத்தகைய அயல்மரங்கள் மிகுதி. எனினும் நடுவுநிலையோடு ஒன்று கூறல் வேண்டும். குழாய் புதைப்பதற்காக வேரை அறுத்த இடங்களிலும், அடிமரம் வரை சிமெண்டு பூசி இறுக்கிய இடங்களிலும், எந்நாட்டு மரமாயினும் அது பெருங்காற்றிற்கு ஈடுகொடுத்து நிற்றல் அரிது.

ஆலும் அரசும் குளக்கரைக்கும் ஊர்ப்பொதுவிற்கும் உரியன. அவற்றின் வேர் சுவரைப் பிளக்கும். அசோகு என்று பிழையாகப் பெயர் சூட்டிப் பலர் நடுகின்ற நெட்டிலிங்கமோ கொடிக்கம்பம்போல் ஓங்கி நிற்கும். அதன் நிழலில் ஒரு பூனை படுக்கலாம். ஒரு கட்டிலை இட இயலாது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு வேம்பினைப் போல் இயைந்த மரத்தைக் காண்பது அரிது. மாசித் திங்களில் அது பழுப்பிலைகளை உதிர்க்கின்றது. உதிர்த்த சின்னாளில் செந்தளிர் ஈன்று, பங்குனி முடிவதற்குள் மீண்டும் தழைத்துவிடுகின்றது. சித்திரைப் பிறப்பன்று பச்சடிக்குப் பூத்தேடி வீட்டார் அண்ணாந்து பார்க்கும்பொழுது, பூவும் நிழலும் ஒருங்கே அங்குள்ளன. செம்மண்ணிலும் கரிசலிலும் அது வளரும். வேரூன்றிய பின் மழை பொய்த்தாலும் தாங்கும். நீர் தேங்கி நிற்கும் இடம் மட்டுமே அதற்கு ஆகாது. குறையே இல்லையோ எனின், உண்டு. ஆனி ஆடியில் பழங்கள் உதிர்ந்து முற்றமெங்கும் ஒட்டிக்கொள்ளும், ஈ மொய்க்கும், காக்கையும் மைனாவும் ஓயாது கூச்சலிடும். முற்றம் பெருக்குவோர் அவ்விரு திங்களிலும் வேம்பைப் புகழமாட்டார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆதலின் கிணற்றை ஒட்டி வேம்பை நடாதிருத்தல் நலம்.

வேம்பிற்கு அடுத்து வைத்து எண்ணத்தக்கது புங்கு. அதன் நிழல் வேம்பின் நிழலினும் அடர்ந்தது. பூக்கள் உதிர்ந்த தரை பொரி இறைத்தாற்போல் தோன்றும். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்து மரத்திற்கு அளிப்பதால் அதற்கு எருவும் மிகுதியாக வேண்டுவதில்லை. இலைகளில் சிறு கொப்புளங்கள் தோன்றுதல் உண்டு. அது சிற்றுயிர்களின் வேலை. அதனால் மரம் பட்டுப்போவதில்லை. மருந்து தெளிக்க ஓடவேண்டிய தேவையும் இல்லை.

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றைத் தாங்கி என்றும் பசுமையாய் நிற்பது புன்னை. நற்றிணையின் 172ஆம் பாடலில் ஒரு புன்னை வருகின்றது. தோழியரோடு விளையாடிய பெண் மணலில் அழுத்தி மறந்துவிட்ட விதை, தானே முளைத்தது. அதனை அவர்கள் பாலும் நெய்யும் பெய்து வளர்த்தனர். அம்மரத்தை மகளுக்குத் தங்கை என்றே தாய் கூறினாள். பாடலின் சுவை ஒருபுறம் இருக்க, மரம் வளர்ப்போர்க்கு அதில் ஒரு செய்தியும் கிடைக்கின்றது. விழுந்த இடத்திலேயே முளைத்த மரத்திற்கு ஆணிவேர் ஊறுபடுவதில்லை. நெகிழிப் பையில் நெடுநாள் நின்ற கன்றின் வேரோ, செல்ல வழியின்றி உள்ளேயே சுருண்டுவிடுகின்றது. நிலத்தில் நட்ட பின்னும் அச்சுருள் எளிதில் நீங்காது. மேலே தழைத்துச் செழித்த மரம் ஒரு புயலில் வேரோடு பெயர்ந்துவிழ இதுவும் ஒரு காரணம். ஆகவே, ஆளுயரக் கன்றே வேண்டும் என்று அலைவதை விடுத்து, முழங்கால் உயரமுள்ள இளங்கன்றைக் கொள்வது அறிவுடைமை. விதையை உரிய இடத்தில் ஊன்றுதல் அதனினும் சிறந்தது. ஆனால் வேப்பவிதை, பழம் உதிர்ந்த சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம் என்று எண்ணுதல் வீண். பூவரசினைப் போத்து நட்டே வளர்ப்பர். அது விரைந்து வளரும் எனினும் அவ்வாறு வளர்ந்ததற்கு உண்மையான ஆணிவேர் இராது. காற்று மோதும் மூலையில் அதனை வைத்தல் ஆகாது. இடம் குறைந்த மனைக்கு மகிழ் ஏற்றது; அது மெல்ல வளரும், ஆண்டு முழுதும் இலை தாங்கி நிற்கும்.

மரம் நிற்கும் திசையைப் பலரும் கருதுவதில்லை. தமிழ்நாட்டில் சித்திரை மாதத்தில் நண்பகற் கதிரவன் ஏறத்தாழ உச்சிக்கு நேரே நிற்கின்றான். வைகாசி ஆனியில் உச்சியினின்று சற்று வடக்கே சாய்ந்து செல்கின்றான். ஆதலின் தென்புறத்து மரம் கோடையில் வீட்டிற்கு உதவுவது குறைவு. சுவரைச் சுடுவது சாய்ந்து வரும் மாலை வெயிலே. பகலில் காய்ந்த மேற்குச்சுவர் இரவில் அறையினுள் வெம்மையை உமிழ்வதைக் கோடையில் உறக்கமின்றிப் புரள்வோர் அறிவர். எனவே மேற்கே, சுவரினின்று பதினைந்து அடியேனும் தள்ளி, மேலே மின்கம்பியும் கீழே கழிநீர்த்தொட்டியும் இல்லாத இடமாகப் பார்த்து நடுதல் வேண்டும்.

புரட்டாசியில் மூன்றடிக் குழி எடுத்து, மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கன்றை நட்டுவிடலாம். ‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்னும் பழமொழி இறைவனைக் குறித்தது. முதலிரண்டு கோடைகளுக்கு அப்பொறுப்பு வீட்டுக்காரருடையதே. அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மட்பானை ஒன்றைக் கன்றின் அருகே புதைத்து நீர் நிரப்பினால், நீர் வீணாகாமல் வேரருகே கசியும். சுற்றிலும் சருகைப் பரப்பி வைத்தால் ஈரம் காயாது. ஆடு மாடுகள் மேயாதவாறு முள்வேலியும் வேண்டும். மூன்றாம் கோடையில் வேர் தானே ஈரத்தை நாடிக் கீழே சென்றிருக்கும். அப்பொழுது பானையைத் தோண்டி எடுத்து, வேறொரு கன்றிற்குப் பயன்படுத்தலாம்.