திருகாணி இருக்குன்னா திருகணுமா?

கார் கிறுக்கு பிடிச்சவங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த பாகத்துல ஒரு திருகாணி கண்ணுக்குத் தெரிஞ்சாலும், அதைத் திருகினா வண்டி பறக்கும்னு ஒரு நம்பிக்கை. கார்புரேட்டர் காலத்துல அதுல கொஞ்சம் நியாயம் இருந்தது. இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வந்தப்புறம் திருகறதுக்கு ஒண்ணுமே இல்லாம கையெல்லாம் அரிச்சுக்கிட்டு இருந்தவங்களுக்கு, கடவுள் மாதிரி வந்ததுதான் அட்ஜஸ்டபிள் ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டர். ஆனோடைஸ் பண்ணின சிவப்போ நீலமோ உடம்பு, தலையில ஒரு ஆலன் கீ திருகாணி, பக்கத்துல குட்டியா ஒரு கடிகாரம். பானெட்டைத் திறந்து காட்டினா நாலு பேரு கேப்பாங்க.

முழுப் பேரையும் ஒவ்வொரு தடவையும் சொன்னா மூச்சு வாங்கும். இனிமே வெறும் 'ரெகுலேட்டர்'. ஃபேன் ரெகுலேட்டர்னு குழப்பிக்காதீங்க. கேஸ் சிலிண்டர் தலையில இருக்கே, அது வேணா இதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி.

என்னோடது 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 106 குதிரைசக்தி. 2003-ல் அடுத்த மாடல் வந்ததோட இந்த வண்டி நின்னு போச்சு. ஆனா கோயம்புத்தூர்ல இன்னிக்கும் இதைக் கண்டா ரெண்டு நிமிஷம் நின்னு பேசிட்டுப் போற ஆளுங்க இருக்காங்க. செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊராச்சே! 20 வருஷத்தைத் தாண்டி ஆர்.சி. புதுப்பிச்சு வெச்சிருக்கேன். விக்கிற எண்ணமில்லை. இந்த இன்ஜின்ல ஒரு பிஸ்டன் போச்சுன்னா நேராப் போய் வாங்கிட்டு வர்ற சமாச்சாரமும் இல்லை. அதனால இது எனக்கு அழகு பார்க்கிற விஷயமா இல்லாம, வண்டி உயிரோட இருக்குமா இருக்காதாங்கிற விஷயமா ஆயிருச்சு.

வியாதி என்ன?

மைலேஜ் 12-லிருந்து 8-க்கு இறங்கிச்சு. சூடா இருக்கும்போது ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணினா ஸெல்ஃப் மோட்டார் கதறும். சைலன்ஸர்ல கருப்புப் புகை. ஒரு பெரிய கடையில காட்டினேன். பிளக் மாத்தினாங்க, இன்ஜெக்டர் கழுவினாங்க, ஆக்ஸிஜன் சென்ஸர் மாத்தினாங்க. பில்லு மட்டும் நல்லா ஓடிச்சு, வண்டி அப்படியே.

அப்புறம் நம்ம பழைய மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவரு கம்ப்யூட்டர் எதையும் சொருகலை. ஃபியூயல் ரெயில் ஓரத்துல குமிழ் மாதிரி இருக்கிற ரெகுலேட்டர்ல இருந்து மெல்லிசான வேக்குவம் ட்யூபைப் பிடுங்கி என் மூக்குகிட்ட நீட்டினாரு.

"மோந்து பாருங்க தம்பி. இதுல காத்துதானுங்க இருக்கோணும். பெட்ரோல் எப்படி வந்துச்சு?"

ட்யூப் நுனியில இருந்து சொட்டிச்சு. உள்ளே இருக்கிற ரப்பர் டயாஃப்ரம் கிழிஞ்சிருந்தது. பெட்ரோல் அந்த ட்யூப் வழியா நேரா இன்ஜினுக்குள்ள போயிட்டிருந்திருக்கு. எண்ணெய்க் குச்சியை உருவி மோந்தா ஆயில்லயும் பெட்ரோல் வாசனை. சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயிலைப் பெட்ரோல் கழுவிட்டு கீழ இறங்கினா, கொஞ்ச நாள்ல பேரிங்கும் ரிங்கும் தேயும். ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிக்கிற வியாதி. உங்ககிட்ட இந்த மாதிரி பழைய வண்டி இருந்தா இந்த மோந்து பார்க்கிற வைத்தியத்தை முதல்ல செய்யுங்க, காசு செலவே இல்லை.

ஒரிஜினல் பாகம் தேடினேன். கிடைச்சது பழைய வண்டியிலிருந்து கழட்டினது மட்டும். அதோட ரப்பருக்கும் என் ரப்பர் வயசுதானே? இந்த இடத்துலதான் அட்ஜஸ்டபிள் பக்கம் போனேன்.

அது செய்யற வேலை

இன்ஜெக்டர் ஒரு குழாய், அவ்வளவுதான். இ.சி.யு. அதை எத்தனை மில்லிசெகண்ட் திறக்கணும்னு மட்டும்தான் முடிவு பண்ணுது. குழாய்ல தண்ணி எவ்வளவு வேகத்துல வருதுன்னு என் வண்டி இ.சி.யு.வுக்குத் தெரியாது, அளக்க சென்ஸர் கிடையாது. 'எப்பவும் ஒரே பிரஷர் இருக்கும்'னு கண்ணை மூடிக்கிட்டு நம்புது. அந்த நம்பிக்கையைக் காப்பாத்தறதுதான் ரெகுலேட்டர். பம்பு அனுப்பற பெட்ரோல்ல தேவையானதை ரெயில்ல நிறுத்திட்டு மிச்சத்தை ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்கே திருப்பி அனுப்பிடும்.

அப்போ அந்த வேக்குவம் ட்யூப் எதுக்கு? இன்ஜெக்டரோட மேல் பக்கம் பெட்ரோல் பிரஷர், கீழ் பக்கம் இன்டேக் மேனிஃபோல்ட். ஐடில்ல மேனிஃபோல்ட் காத்தை உறிஞ்சும், அதாவது பெட்ரோலையும் சேர்த்து இழுக்கும். முழு ஆக்ஸிலரேட்டர்ல அந்த உறிஞ்சல் இருக்காது. ரெண்டு பக்கத்துக்கும் இருக்கிற வித்தியாசம் எப்பவும் ஒண்ணா இருக்கணும்னா, மேனிஃபோல்ட் இறங்கினா பெட்ரோல் பிரஷரும் அதே அளவு இறங்கணும். அதுதான் 1:1. ட்யூபைக் கழட்டினா 3 பார் காட்டற வண்டி, மாட்டினா ஐடில்ல 2.3 - 2.4 காட்டும். இதைப் பார்த்து 'அய்யய்யோ பிரஷர் கம்மி'ன்னு திருகிடற புண்ணியவான்கள் நிறைய. பேஸ் பிரஷர்ங்கிறது ட்யூபைக் கழட்டி அளக்கிறது.

பிரஷரை ஏத்தினா பவர் ஏறுமா?

'இதை மாட்டுனா வண்டி பறக்குங்ணா'ன்னு விக்கிறவர் சொல்லுவார். கணக்கு என்ன சொல்லுதுன்னு பாருங்க. இன்ஜெக்டர் வழியா போற பெட்ரோல், பிரஷரோட வர்க்கமூலத்துக்குத்தான் ஏறும்.

3 பார் - 3.5 பார்: 8 சதவீதம் கூடும்
3 பார் - 4 பார்: 15 சதவீதம்
3 பார் - 6 பார்: 41 சதவீதம்

பிரஷரை டபுள் ஆக்கினாலும் பெட்ரோல் ஒண்ணரை மடங்கு கூட ஆகாது. அதுக்குள்ள பம்பு மூச்சு வாங்கும். பிரஷர் ஏற ஏற பம்பு தள்ளற அளவு குறையும், இன்ஜெக்டரும் திறக்கத் திணறும். அதைவிட முக்கியம், கூடுதல் பெட்ரோலுக்குக் கூடுதல் காத்து வேணும். அது இல்லாம பெட்ரோலை மட்டும் ஊத்தினா கருப்புப் புகைதான். சாதாரண ஓட்டத்துல ஆக்ஸிஜன் சென்ஸரைப் பார்த்து இ.சி.யு. அதையும் குறைச்சிடும். நீங்க திருகினது, அது திருப்பிக் குறைச்சது, கணக்கு நேர் :-)

ஆனா ஒரு இடத்துல அந்த 8 சதவீதம் சும்மா இல்லை. 2023 பிப்ரவரியில சில பங்க்குகள்ல ஆரம்பிச்ச இ20 பெட்ரோல், 2025-ல நாடு முழுக்கப் பரவிடுச்சு. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதம் கலந்தா 13.5 பக்கம். அதாவது அதே காத்துக்கு கிட்டத்தட்ட 9 சதவீதம் அதிகமா ஊத்தணும். மெதுவா ஓட்டும்போது சென்ஸர் சரி பண்ணிடும். முழு ஆக்ஸிலரேட்டர்ல அந்தக் காலத்து இ.சி.யு. சென்ஸர் பேச்சைக் கேக்காது, 2002-ல எழுதி வெச்ச அட்டவணைப்படி ஊத்தும். கலவை மெலிஞ்சு போகும். எத்தனாலோட ஆக்டேன் கொஞ்சம் காப்பாத்தும், ஆனா அதை நம்பி பாலக்காடு ரோட்டுல நாலு பேரோட வெயில்ல மிதிக்க எனக்கு தைரியமில்லை.

வாங்கறப்போ பார்த்தது

முதல்ல, உங்க வண்டிக்கு ரிட்டர்ன் லைன் இருக்கான்னு பாருங்க. இப்போ வர்ற பெரும்பாலான வண்டிகள்ல ரெகுலேட்டர் டேங்குக்குள்ளயே பம்போட இருக்கும். அதுக்கு இது ஆகாது. கார்புரேட்டர் வண்டிக்கு வர்றது அரை பாருக்கும் கீழ வேலை செய்யற வேற ஜாதி. காமன் ரெயில் டீசல்ல ஆயிரம் பாருக்கு மேல ஓடும், அந்தப் பக்கமே கை வெச்சிராதீங்க.

ரெண்டாவது, 1:1 தான். 'ரைசிங் ரேட்'னு ஒண்ணு விப்பாங்க, அது டர்போ வண்டிக்கு.

மூணாவது, டயாஃப்ரம் எத்தனால் தாங்கும்னு கம்பெனியே எழுதியிருக்கணும். நம்ம கதையே ரப்பர்ல ஆரம்பிச்சதுதானே.

நாலாவது, போலி. ஏரோமோட்டிவ், டர்போஸ்மார்ட், ஏ.இ.எம். மாதிரி பேரு போட்டு ரெண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைச்சா, அந்தப் பேரை ஒட்டின ஸ்டிக்கருக்குத்தான் காசு. நல்லது பத்தாயிரத்துக்கு மேலதான் வரும். பெட்ரோலைத் தாங்கற ஒரு பாகத்துல பேரம் பேச வேண்டாம்னு முடிவு பண்ணி, ரெயில்லயே ஒரிஜினல் இடத்துல போல்ட் ஆகிற மாடலா வாங்கினேன். ட்யூப், ஃபிட்டிங் எவ்வளவு கம்மியோ லீக் ஆகிற இடமும் அவ்வளவு கம்மி.

மாட்டினது

"வீட்டு வாசல்லயே பெட்ரோல வெச்சு விளையாடப் போறீங்களா?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதனால நண்பன் தோட்டத்துல, திறந்த வெளியில, காலையில இன்ஜின் குளுந்திருக்கும்போது. பக்கத்துல பவுடர் தீயணைப்பான். மெக்கானிக் அண்ணன் கூட இருந்தாரு.

பம்போட மின்சாரத்தைத் துண்டிச்சு, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டு ரெயில்ல இருந்த பிரஷரை இறக்கினோம். டேங்க் மூடியைத் திறந்து, பேட்டரி நெகடிவைக் கழட்டினோம். ரெண்டு சின்ன போல்ட், ஒரு ரிட்டர்ன் ஹோஸ், ஒரு வேக்குவம் ட்யூப். பழசு கையோட வந்துடுச்சு. மிச்ச பெட்ரோலுக்குத் துணி. புது ஓ-ரிங்ல ஒரு சொட்டு ஆயில் தடவி நேரா உட்கார வெச்சோம். காய்ஞ்ச ஓ-ரிங் கோணலாப் போனா வெட்டுப்பட்டு லீக் ஆகும். போல்ட்டை மாட்டு பலத்துல முறுக்கக் கூடாது, 12 நியூட்டன் மீட்டர்தான்.

கேஜ் மாட்டற மரைக்கு டெஃப்லான் டேப் சுத்தாதீங்க. பிளம்பர் வேலைக்குச் சரி, இங்க அதோட துணுக்கு இன்ஜெக்டர்ல போய் அடைக்கும். பெட்ரோல் தாங்கற திரவ சீலன்ட் கிடைக்குது. ரிட்டர்ன் ஹோஸும் பழசாச்சேன்னு 30ஆர்9 முத்திரை உள்ள ஹோஸ் போட்டோம். மேல கீறாத, வட்டமா இறுக்கற இன்ஜெக்‌ஷன் கிளாம்ப். வேக்குவம் ட்யூபும் புதுசு.

ஸ்டார்ட் பண்ணலை. சாவியை மட்டும் ஆன் பண்ணினா பம்பு ரெண்டு செகண்ட் ஓடி நிக்கும். அப்படி நாலு தடவை. டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு இணைப்புலயும் ஒத்தி எடுத்து டார்ச்ல பார்த்தோம். ஈரம் இல்லை. அப்புறம்தான் ஸ்டார்ட்.

எண்ணைத் தொடர்ந்த திருகாணி

வேக்குவம் ட்யூபைக் கழட்டி, மேனிஃபோல்ட் பக்கத்தை அடைச்சு, லாக் நட்டைத் தளர்த்தி, முதல்ல சர்வீஸ் மேனுவல் சொல்ற எல்லைக்குள்ள 3.0 பார்ல வெச்சோம். ட்யூபை மாட்டினதும் 2.4. டயாஃப்ரம் மூச்சு விடுது.

ரேஸ் ஓட்டற நண்பன்கிட்ட வைட்பேண்ட் மீட்டர் இரவல் வாங்கி சைலன்ஸர் பைப்ல மாட்டினேன். மீட்டர்ல காத்து-பெட்ரோல் விகிதம் பார்க்காம லாம்டாவைப் பார்த்தேன். எந்த எரிபொருளா இருந்தாலும் லாம்டா 1-ன்னா சரியான கலவை. டர்போ இல்லாத இன்ஜினுக்கு முழு மிதியில 0.87 - 0.88 இருந்தா நிம்மதி. எனக்கு 0.93. பயந்தது சரிதான்.

3.3 பாருக்கு ஏத்தினேன். வர்க்கமூலக் கணக்குப்படி 5 சதவீதம் கூடணும். மறுபடி ஓட்டினதுல 0.89. அவ்வளவுதான், நிறுத்திட்டேன். 'இன்னொரு கால் சுத்து போடுடா, சும்மா பாக்கலாம்'னு நண்பன் சொன்னான். மீட்டர் கேக்காத சுத்தை எதுக்குப் போடணும்?

ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தினேன். மைலேஜ் 11.5-க்கு வந்தாச்சு. புகை டெஸ்ட் பாஸ். நண்பர்கள் ஆசையாக் கேக்கற கேள்விக்கு பதில்: பவர் கூடினதாத் தெரியலை. தெரியவும் கூடாது. பழையபடி 106 குதிரையும் உயிரோட இருக்கு, அதுக்குத்தான் இந்தச் செலவு.

ஒரு விஷயம். சில அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர்கள் இன்ஜினை ஆஃப் பண்ணினதும் பிரஷரைப் பிடிச்சு வெச்சுக்காது. காலையில ஸ்டார்ட் ஆக கொஞ்சம் இழுக்கும். சாவியை ரெண்டு தடவை ஆன் பண்ணிட்டு ஸெல்ஃப் அடிச்சா போதும், பயப்படாதீங்க.

அந்த அழகான கேஜையும் கழட்டி ஓட்டையை அடைச்சுட்டேன். பானெட் சூட்டுல அது ஒழுங்கா காட்டப் போறதில்லை, லீக் ஆக இன்னொரு இடம் மட்டும் மிச்சம். கடைசியா லாக் நட் மேல ஒரு கோடு போட்டேன். யாராவது ஆசைப்பட்டுத் திருகினா தெரியணுமில்லையா, அதுக்கு. பெயிண்ட் கைவசம் இல்லாததால சிவப்பு நெயில் பாலிஷ். எங்க போச்சுன்னு வீட்டம்மா இன்னும் தேடிட்டிருக்காங்க :-)