பாக்கெட்டில் ஒரு பேனாக்கத்தி

பாக்கெட்ல கத்தி வெச்சிருக்கேன்னு சொன்னா நம்ம ஊரில் வரும் முதல் கேள்வி, "யாரைடா குத்தப் போற?" என்பதுதான். ஹாஸ்டலில் என் ரூம் நண்பன் கேட்டதும் இதையேதான். கேட்கும்போது அவன் வீட்டிலிருந்து வந்த முறுக்கு பார்சலை என் கத்தியால்தான் பிரித்துக்கொண்டிருந்தான் என்பது வேறு விஷயம் :)

தாத்தா காலத்தில் இதற்குப் பேர் பேனாக்கத்தி. இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்காகப் பிறந்த சாமான். இறகு போய் இங்க் பேனா வந்த பிறகும் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. என் தாத்தாவுக்குப் பென்சில் சீவ, பாக்கு நறுக்க, மாங்காய் கீற எல்லாவற்றுக்கும் அதுதான். அதைப் பார்த்து யாரும் மிரண்டதாக அவர் சொல்லிக் கேட்டதில்லை. அப்புறம் எப்படி இது ரவுடி சாமான் ஆச்சு? கத்தி செய்யும் ரெண்டு ஊர்களின் கதையைச் சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு ஓரளவு புரிந்தது.

முதல் ஊர் இபாக். சுவிட்சர்லாந்தில் ஷ்வீஸ் மாநிலத்தில் இருக்கிறது. 1884-ல் கார்ல் எல்செனர் என்பவர் அங்கே கத்திப் பட்டறை போட்டார். அப்போது சுவிஸ் ராணுவத்துக்கு ஒரு மடக்குக்கத்தி தேவைப்பட்டது. எதற்குத் தெரியுமா? டப்பா உணவைத் திறக்கணும், துப்பாக்கியின் ஸ்க்ரூவைக் கழற்றணும். அவ்வளவுதான். வேடிக்கை என்னன்னா, 1891-ல் வந்த முதல் 'சுவிஸ்' கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தவை! அதே வருஷம் எல்செனரும் ராணுவத்துக்குச் செய்து கொடுக்கத் தொடங்கினார். 1897-ல் தக்கைத் திருகியும் ரெண்டாவது அலகும் சேர்த்து ஆபீசர் கத்தியைப் பதிவு செய்தார். அந்தக் கம்பெனிதான் இன்றைய விக்டோரினாக்ஸ். ராணுவத்துக்காகச் செய்த கத்தியை இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள்.

ரெண்டாவது ஊர் நம்ம நாட்டிலேயே இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். நவாபுகள் ஆண்ட ஊர். பட்டனைத் தட்டினால் விரியும் 'ராம்பூரி' கத்திக்குப் பேர் போனது. கைவேலை, பித்தளைப் பிடி, அலங்காரம் என்று தொழில் சுத்தமானதுதான். ஆனால் அதை ஊர் உலகத்துக்கு அறிமுகம் செய்தது இந்தி சினிமா. 1965-ல் வந்த 'வக்த்' படத்தில் ராஜ்குமார் கையில் கத்தியோடு வரும் காட்சி இன்னும் பேசப்படுகிறது. அதற்கப்புறம் வில்லன் என்றால் இடுப்பில் ராம்பூரி! 1990களில் மாநில அரசு நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு கூடாது என்றது. தொழில் படுத்துவிட்டது. மிச்சமிருப்பது சில பட்டறைகள்தான். 2023-ல் அந்த ஊர் நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளத்துக்கு ஒரு கத்தியை நிறுத்தி வைத்தார்கள். பெருமையா, நினைவுச் சின்னமா என்று எனக்குத் தெரியவில்லை.

ரெண்டுமே மடங்குகிற இரும்புதான். ஒன்றுக்குள்ளே டின் ஓப்பனர் மடங்கி இருந்தது, இன்னொன்றுக்குள்ளே பயம் மடங்கி இருந்தது. ஒரு ஊரின் சோற்றையே அது மாற்றிவிட்டது.

சரி, நாம் ஒன்று வாங்குவதாக இருந்தால்? கத்தியில் பொறித்திருக்கும் ஊர்ப் பேரை மட்டும் நம்பாதீங்க. பிரான்சில் லாயோல் என்ற ஊரின் பேரைத் தாங்கி வரும் கத்திகளில் பெரும்பகுதி, மலை தாண்டியிருக்கும் தியேர் என்ற ஊரில் செய்தவை. அதே பேரில் ஆசியாவில் தயாரான நகல்களும் ஏராளம். ஸ்பைடர்கோ அமெரிக்கக் கம்பெனி. ஆனால் அதன் கத்திகளில் பல ஜப்பானின் செகியில் தயாராகின்றன, பல நூற்றாண்டுகளாக வாள் செய்த ஊர் அது. சில தைவானிலும் சீனாவிலும் செய்யப்படுகின்றன. சீனாவில் குவாங்டோங் மாகாணத்தின் யாங்ஜியாங் ஊரே கத்தித் தொழிலில்தான் ஓடுகிறது, நல்லதும் வருகிறது, குப்பையும் வருகிறது. ஆக ஊரைவிட முக்கியம், கையில் எடுத்து விரித்துப் பார்ப்பது. அலகு ஆடக்கூடாது. மடக்கும்போது நடுவில் வந்து உட்காரணும்.

அடுத்தது அளவு. நம் ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளுக்கு லைசென்ஸ் வேண்டும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை தவிர. டெல்லியில் பட்டன் கத்திக்கென்றே தனிக் கட்டுப்பாடு உண்டு. எனவே பட்டன் வகை வேண்டவே வேண்டாம். ரெண்டரை, மூணு அங்குலம் தாராளம். ஆப்பிளை அதைவிடப் பெருசாக யாரும் விளைவிக்கவில்லை :) விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

மூன்றாவது இரும்பு. பிரான்சின் ஓபினெல் மரப்பிடிக் கத்தி ரொம்ப அழகு. 1890-லிருந்து வருகிறது. 1955-லிருந்து அலகைப் பூட்ட ஒரு திருகு வளையமும் உண்டு. ஆனால் அதில் கார்பன் எஃகு வகையை வாங்கி எலுமிச்சை வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால், மறுநாள் கறை. சென்னைக் காற்றுக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி. ரொம்பக் கடினமான எஃகு கூர்மையை நீண்ட நாள் தாங்கும், ஆனால் தீட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். கொஞ்சம் மென்மையானது சீக்கிரம் மழுங்கினாலும் பீங்கான் கப்பின் அடியில் பளபளப்பில்லாத வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். ஹாஸ்டல்வாசிகளுக்கு அதுவே உத்தமம்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து நான் வாங்கியது சின்ன சுவிஸ் கத்தி ஒன்று. ஒரு அலகு, ஒரு டின் ஓப்பனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், நகம் சீவ ஒரு அரம். பார்த்தால் யாருக்கும் பயம் வராது, அதுதான் நான் அதில் பார்த்த முதல் தகுதி. ஒரு தொழிலின் பேரைக் கெடுக்க ஒரு படம் போதும் என்றால், அதை மீட்க நம்மைப் போல ஆயிரம் பேர் நாலு பேர் எதிரில் பழம் நறுக்க வேண்டியிருக்கும். நறுக்குவோமே.

பஸ்ஸிலோ ரயிலிலோ யாராவது பையிலிருந்து குட்டிக் கத்தியை எடுத்தால் உடனே மிரண்டு எழுந்திரிக்காதீங்க. கொய்யாக்காய் எங்கே இருக்குன்னு பாருங்க. பாதி கேட்டால் கொடுப்பார்.